வெயில் ஏறியும் குதிக்காதவை

எலூல் மாதம், இரண்டாம் வியாழன்

ஹமாமாவுக்கு,

ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்கிற மாதம் பிறந்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுதியிருக்கமாட்டாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள்.

எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். அந்தப் பட்டாளத்துப் பெண் பாடம் சொல்லிக்கொடுத்தபோது நாம் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். நீ சட்டென்று பிடித்துக்கொண்டாய். என் விரல் மாவுக்கு வளையும், பென்சிலுக்கு வளையாது.

நேற்று ரூமியா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்: "என்னடி நத்ரா, உன் சக்களத்தி கடுதாசி போட்டாளா?"

"புருஷன் இருந்த வரைக்கும்தான் சக்களத்தி. இப்ப அவ எனக்கு என்ன முறைன்னு எனக்கே தெரியல" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யிஹ்யேவுக்கு நான் மூத்தவள், நீ இளையவள். ஏமனிலும் ஒரே வீடு, இந்த யூத நாட்டுக்கு வந்தும் ஒரே தகரக்கூரை. அவர் போன முப்பதாம் நாள் நீ மூட்டையைக் கட்டிக்கொண்டு பின்ஹாஸ் படிக்கிற ஊருக்குப் போய்விட்டாய். இப்போது இந்த வீட்டில் நான் பேசினால் எனக்கே கேட்கிறது.

வெள்ளிக்கிழமை மாவு பிசைகிறபோது கை பழைய அளவையே அள்ளுகிறது. நான்கு பேர் ரொட்டி. செவ்வாய்க்கிழமை வரை தின்று தீர்க்கிறேன். பிட்டுத் துதி சொல்கிறேன், ஆமென் சொல்ல ஆள் இல்லை. தன் துதிக்குத் தானே ஆமென் சொல்லக்கூடாதே. போன வாரம் நான் சொல்லி முடிக்கவும் ரூமியாவின் கழுதை கத்தியது. சரி, இன்றைக்கு இவன் சொல்லிவிட்டான் என்று சாப்பிட்டேன்.

கேட்க வந்தது இதுதான். இய்யார் மாதம் அவருடைய வருஷ நாள் வரும். அன்று பின்ஹாஸ் இங்கே வந்து, அவர் பாயில் உட்கார்ந்து, நான் சுட்ட ரொட்டியைப் பிட்டுத் தகப்பன் ஆத்துமாவுக்காகத் துதி சொல்ல வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். நான் பெறவில்லைதான். ஆனால் அவன் முதலில் பேசின வார்த்தை பெரியம்மா. அம்மா என்றது அப்புறம்தான். அது உனக்கும் தெரியும்.

நான் உனக்குச் செய்ததையெல்லாம் மன்னித்துவிடு. நீ முப்பதாம் நாள் சொன்னதை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

நத்ரா

*

திஷ்ரி, கூடாரப் பண்டிகைக்கு முந்தின நாள்

நத்ரா அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான் நன்றாக இருக்கிறேன். பின்ஹாஸின் வேதப்பள்ளிச் சமையலறையில் வேலை. முட்டைக்கோஸ் இலையைப் பிரித்துப் பிரித்துப் புழு தேடுவது, பருப்பைத் தட்டில் பரப்பி வண்டு பொறுக்குவது. எங்கள் தலைக்குமேல் ஒரு மேற்பார்வையாளர் நிற்பார். போலந்துக்காரர். "ஒரு புழு வாயில போச்சுன்னா பன்றி தின்னதைவிடப் பெரிய பாவம்மா, ஜாக்கிரதை!" என்பார். முதல் நாள் அதைக் கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரியும்.

பின்ஹாஸிடம் உங்கள் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான்.

"அம்மா, அந்த வீட்டுச் சட்டி வேதத்துக்கு ஆகாத சட்டி. பூச்சி வெந்த சட்டி. அங்க நான் தண்ணிகூடக் குடிக்கமாட்டேன்."

"டேய், உன்னை வளர்த்தவ அவ."

"வளர்த்தாங்க. அதுக்கு? வெட்டுக்கிளி தின்னாதேன்னு ரப்பி சொன்னார். ஜீப்புல வந்தும் சொன்னாங்க. அப்பா கேட்காம தின்னார், அன்னிக்கே செத்தார். இதுக்கு மேல கடவுள் எப்படிச் சொல்வார்?"

இது அவன் சொன்னது. என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். பின்ஹாஸைப் பார்க்க நான் ஊருக்குப் போயிருந்த அந்த மூன்று நாள்தான் உங்களுக்குக் கிடைத்ததா? அவர் கடைசியாகச் சாப்பிட்டது உங்களோடு. நான் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தபோது எனக்கு மிஞ்சியது கடைசி மூச்சு மட்டும். பங்கு பிரித்ததில் எனக்கு எப்போதும் மிச்சம்தான். உங்கள் சட்டிதான் அவரைக் கொன்றது என்று அன்றைக்குச் சொன்னேன். அது தப்பென்று எனக்கு யாரும் இதுவரை காட்டவில்லை.

வருஷ நாளுக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது. பார்க்கலாம்.

ஹமாமா

*

ஹெஷ்வான், முதல் மழைக்குப் பிறகு

ஹமாமா,

என்னைக் கழுதை என்று திட்டியிருக்கிறாய், மலடி என்றுகூட ஒருமுறை சொன்னாய். ஒரு நாளும் நீங்கள் என்று சொன்னதில்லை. அதுதான் குத்தியது.

பின்ஹாஸ் சொன்னதை ஐந்தாறு தடவை படித்தேன். ரொட்டி கருகிப்போனது. அவன் என் வீட்டில் சாப்பிடாமல் இருக்கட்டும், பொறுத்துக்கொள்வேன். அவருடைய மகனே, அவர் பாவத்தைத் தின்று செத்தார் என்று நினைத்துக்கொண்டு அவருக்காக ஜெபம் சொல்கிறானே, அதைப் பொறுக்க முடியவில்லை. நீ இல்லாத அந்த நாட்களை எழுதுகிறேன். படித்துக் காட்டு.

திங்கட்கிழமை மேகம் மாதிரி வந்து இறங்கின. பத்து வருஷத்துக்கு அப்புறம். கிழவர்கள் எல்லாம் சின்னப் பையன்கள் மாதிரி வெளியே ஓடினார்கள். அன்றைக்குச் சாயங்காலமே ஜெபவீட்டுக்கு ஒரு ரப்பி வந்தார். நல்ல மனிதர்தான், மெதுவாகத்தான் பேசினார். "வேதத்தில் நாலு வகை வெட்டுக்கிளி ஆகும்னு இருக்கு, உண்மைதான். ஆனா எது அந்த நாலுன்னு இன்னிக்கு யாருக்கும் தெரியாது. அதனால ஒண்ணையும் தொடாதீங்க" என்றார்.

நம்மவர் எழுந்தார். நான் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"யாருக்கும்னா யாருக்கு, ரப்பி? உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எங்கப்பா காட்டினார், அவருக்கு அவங்கப்பா காட்டினார். நாலு கால், நாலு சிறகு, சிறகு உடம்பை மூடணும், தத்துறதுக்கு ரெண்டு முழங்கால், புரட்டிப் பார்த்தா மார்புல குறி. உங்க ஊர்ல பனிதான் விழும், வெட்டுக்கிளி விழாது. அதனால மறந்துட்டீங்க. மறந்தவங்க மேல தப்பில்ல. மறக்காதவங்க மேல என்ன தப்பு?"

ரப்பி சிரித்துவிட்டார். "சந்தேகம்னு வந்தா விட்டுடறதுதானே நல்லது?"

"மாட்டுக்குக் குளம்பைப் பார்க்கிறோம், அசை போடுதான்னு பார்க்கிறோம். மீனுக்குச் செதிலும் துடுப்பும். புறாவுக்கு எதைப் பார்த்து வெட்டுறீங்க? உங்கப்பா தின்னார், நீங்க தின்றீங்க. வெட்டுக்கிளிக்கும் அதே நியாயம்தானே?"

ரப்பி வேண்டாம் என்று மட்டும் இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் ஜீப் வந்தது. குழாய் ஒலிபெருக்கி வைத்துக் கத்தினார்கள்: "வெட்டுக்கிளியைத் தொடாதீர்கள், தின்னாதீர்கள்!" நம் ஷுக்ர் கிழவன் அங்கேயே ஆட ஆரம்பித்துவிட்டான். "பாருங்கடா, நேத்து ரப்பி நடந்து வந்தாரு, இன்னிக்கு ஜீப்புல வர்றாரு!" தெருவே சிரித்தது. பூச்சியை விரட்ட ஒரு பக்கம் தகரம் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜீப் அதற்குமேல் என்ன சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. ஆகும் ஆகாது என்கிற சண்டைதான் என்று நினைத்துக்கொண்டோம்.

புதன் விடியலில் நானும் அவரும் போனோம். ஷுக்ர் மலைச்சரிவுக்குப் போனான். இவருக்கு முழங்கால் வலி, ஏறமாட்டார். அதனால் கீழே, நம் கொல்லை முடிந்து ஆரஞ்சுத் தோப்பு ஆரம்பிக்கிற இடம். குளிரில் மரத்திருந்தன போல. ஒன்றும் அசையவில்லை. கை வைத்தால் கையோடு வந்தன. "பாரு நத்ரா, நம்ம ஊர் விடியல் மாதிரியே" என்றார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்துப் பத்து வருஷம் இருக்கும்.

தந்தூர் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். நகத்தால் மார்பைத் தொட்டுப் பார்த்து, இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரித்தார். ஆகாதவை என்று ஒரு குவியல் இருந்தது, ஹமாமா. கண்ட பூச்சியைத் தின்னவில்லை அவர். நான் சுட்டு, தலையும் காலும் சிறகும் கிள்ளி, உப்பு தூவிக் கொடுத்தேன். எல்லாம் கடவுள் சொல்லால் உண்டாயின என்று துதி சொன்னார். நான் ஆமென் சொன்னேன். இந்த வீட்டில் நான் சொன்ன கடைசி ஆமென் அது.

மத்தியானம் அவருக்கு வேர்த்தது, வாயில் நுரை வந்தது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். என்ன சாப்பிட்டார் என்று நர்ஸ் கேட்டாள். சொன்னேன். அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிட்டாள். "இங்க வந்து கேளேன், இவங்க இதையெல்லாமா தின்பாங்க!" அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு யார் கேட்டதற்கும் வாய் திறக்கவில்லை. வயசானவர், நெஞ்சு நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். மிச்சம் உனக்குத் தெரியும்.

ஷுக்ரும் தின்றான். நேற்றுகூடக் கத் இலை மென்றுகொண்டு என் வேலியைக் குறை சொல்லிவிட்டுப் போனான். கடவுளுக்குக் கோபம் வந்தால் பொறுக்கி எடுத்து ஒருவர்மேல் மட்டும் வருமா? இதைப் பின்ஹாஸிடம் கேள்.

நத்ரா

*

கிஸ்லேவ், விளக்குப் பண்டிகை இரண்டாம் நாள்

அக்கா,

படித்துக் காட்டினேன். நர்ஸ் சொன்ன இடம் வந்தபோது அவன் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான். ஜன்னல் ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது.

அவனுக்கு உன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. பள்ளியில் அவன் நடந்துபோனால் சில பையன்கள் வாயால் கிர்ர் கிர்ர் என்று சத்தம் போடுகிறார்கள். ஒருவன் கேட்டானாம்: "டேய் பின்ஹாஸ், உனக்கு மத்தியானச் சோறா, இல்ல தோட்டத்துலயே பார்த்துக்குவியா?" அதையெல்லாம் அவன் தாங்கிக்கொள்வான். என்னிடம் சொன்னது வேறு.

"அம்மா, நான் தினமும் அப்பாவுக்காக நின்னு ஜெபம் சொல்றேன். ஆனா அவர் வாயில அது இருக்கும்போதே போயிட்டாரே. அங்க அவரை எந்த வாசல்ல நிறுத்தி வச்சிருக்காங்களோ."

அவன் பயப்படுகிறான், அக்கா. பயந்துபோய்த்தான் பாத்திரத்தின்மேல் பழி போடுகிறான்.

ஏமனில் சோளம் கருகின வருஷத்தைச் சொன்னேன். எனக்குப் பால் வற்றி, இவன் கத்தக்கூடச் சக்தியில்லாமல் கிடந்தபோது, நீ விடியலில் மலைக்குப் போய் முந்தானை நிறையக் கொண்டுவந்ததை. அவர் புரட்டிப் பார்த்துக் கொடுக்க, நீ இடித்து மாவாக்கி என் மகன் நாக்கில் தடவியதை. "உன் எலும்புல பாதி வெட்டுக்கிளிடா" என்றேன். சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்துபோனான். சொன்னது சரியா தப்பா தெரியவில்லை.

ஷுக்ர் விஷயம் கேட்டபோது புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டான்.

ஹமாமா

*

தேவேத், மழை

ஹமாமா,

உன் கடிதத்தில் 'அவர்களுக்கு' போய் வெறும் அக்கா என்று இருந்தது. ரூமியாவிடம் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் காட்டினேன்.

ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டேன். பாத்திரம் ஆகாது என்றானே, நெருப்பால் சுத்தம் செய்தால் ஆகும் அல்லவா, அவன் வந்தால் காரணம் சொல்ல முடியாதே என்று, தந்தூரில் விறகை அடைத்து உட்சுவர் வெள்ளையாகிற வரைக்கும் எரித்தேன். சட்டியையும் உள்ளே கவிழ்த்தேன். எரிந்துகொண்டிருக்கும்போதே ஒன்று தோன்றியது. சுத்தம் செய்கிறேன் என்றால் அசுத்தம் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரிதானே? அவருடைய மகன் சொன்னது போதாதென்று நானும் சொன்ன மாதிரிதானே? ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டேன். தந்தூர் மேலிருந்து கீழ்வரை விரிந்துபோனது.

இப்போது ரூமியாவின் தந்தூரில் சுடுகிறேன். அவள் ஒன்றும் சொல்வதில்லை. நான்தான் சீக்கிரம் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன். மழை ஒழுகுகிறது. தொட்டுக்கொள்ள வெந்தயம் ஊறவைத்தேன், நுரைக்க அடிக்க மனசில்லாமல் அப்படியே முளைத்துவிட்டது.

நத்ரா

*

அதார், முதல் வெள்ளி

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். ஒரு விஷயம் கேட்க வேண்டும், நன்றாக யோசித்துச் சொல்.

இன்றைக்கு முட்டைக்கோஸ் வந்தது. எப்போதும் உப்புப்போட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் இலையை முக்குவோம். புழு இருந்தால் சூட்டுக்கு நெளிந்துகொண்டு மேலே வரும், எடுத்துவிடுவோம். இன்றைக்கு இலைக்கு இலை புழு, ஆனால் ஒன்றும் நெளியவில்லை. எல்லாம் சுருண்டு கிடந்தது. மேற்பார்வையாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். காய் இறக்குகிற லாரிக்காரர் எட்டிப் பார்த்துச் சொன்னார்:

"மருந்து அடிச்ச வயல்மா அது. ஏரோப்ளேன்ல தூவுவாங்க. நீங்க குளிப்பாட்டித் தாலாட்டுப் பாடினாலும் அதுங்க எழுந்திருக்காது. சரியா கழுவாம தின்னா நீங்களும் எழுந்திருக்கமாட்டீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். என் கையிலிருந்த இலை கீழே விழுந்துவிட்டது.

நீ எழுதியிருந்தாய், ஒன்றும் அசையவில்லை, கையோடு வந்தன என்று. விடியல் குளிரில் மரத்துக் கிடக்கும், அது சரி. நம் ஊரிலும் அப்படித்தான் பிடிப்போம். ஆனால் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு? வெயில் ஏறினதும் சாக்கே தானாக நடக்குமே, அக்கா! வாயைக் கட்ட மறந்தால் வீடெல்லாம் தெறிக்குமே. நீ விரட்டி விரட்டிப் பிடிப்பாய், அவர் உட்கார்ந்துகொண்டு சிரிப்பார்.

அன்றைக்கு அவர் தந்தூர் பக்கத்தில் சாக்கைக் கவிழ்த்தபோது அவை குதித்தனவா?

ஹமாமா

*

அதார், புதன்

குதிக்கவில்லை.

சாக்கின் வாயை நான் கட்டவே இல்லை, ஹமாமா. வெயில் முதுகில் சுட்டது. தந்தூர் எரிந்துகொண்டிருந்தது. கொட்டின இடத்தில் கொட்டினபடி கிடந்தன. ஒன்றிரண்டு காலை மட்டும் இழுத்தன. பத்து வருஷம் ஆயிற்றே, இந்த ஊர் வெட்டுக்கிளி சோம்பேறி என்று அவரிடம் சொன்னேன். "இங்க எல்லாமே அப்படித்தான், கவர்மென்ட் சம்பளம் வாங்குற கிளி" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

முந்தின நாள் சாயங்காலம் ஒரு விமானம் தோப்புக்குமேல் தாழ்வாகப் போய்ப் போய்த் திரும்பியது. ஷுக்ர் போன மலைச்சரிவுப் பக்கம் அது போகவில்லை. பிள்ளைகள் கை காட்டினார்கள். நானும் காட்டினேன்.

சுடும்போது நின்றபடியே நானும் இரண்டு வாயில் போட்டேன். துக்கம் காத்த நாட்களில் தரையில் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தேனே, நீகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாயே. அழுது அழுது வருகிறது என்று நினைத்தேன்.

அப்படியென்றால் ஜீப்காரன் சொன்னது அதுதான். நம் சட்டத்தைப் பற்றி அவன் பேசவே இல்லை. மருந்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். நம்மிடம் ரொம்ப நாளாக வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், இந்த ஒரு வேண்டாமையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டோம்.

அவர் பாவம் செய்யவில்லை. அது போதும் என்றுதான் இத்தனை மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது அது கிடைத்துவிட்டது. கையை மட்டும் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்தக் கையால் பொறுக்கினேன், இந்தக் கையால் சுட்டேன், ஆறிவிடப்போகிறது தின்னு என்றேன். கடவுளின் கோபம் என்றபோதாவது பழிக்குக் கூட ஒருத்தர் இருந்தார்.

நீ அன்றைக்குச் சொன்னது சரி. சட்டிதான்.

நத்ரா

*

நிசான், பஸ்காவுக்குப் பிறகு

அக்கா,

பண்டிகை வேலையில் முதுகு ஒடிந்தது, அதனால் தாமதம். நீ என்ன நினைத்துக்கொண்டு இத்தனை நாள் உட்கார்ந்திருப்பாய் என்று தெரியும். மன்னித்துவிடு.

முதலில் இது. உன் கை, உன் சட்டி என்று இனிமேல் எழுதாதே. நான் அன்றைக்கு வீட்டில் இருந்திருந்தால் சாக்கின் மறுமுனையைப் பிடித்திருப்பேன். உனக்கு முன்னால் தின்றிருப்பேன். பின்ஹாஸ் வந்திருந்தால் அவன் வாயிலும் போட்டிருப்பேன், வேண்டாம் என்றால் அதட்டியிருப்பேன். குளிரில் மரத்த கிளியைப் பிடிப்பது நாம் பிறந்ததிலிருந்து செய்தது. மருந்தில் மரத்த கிளியை யார் பார்த்திருக்கிறார்கள்? முப்பதாம் நாள் நான் சொன்ன சொல்லை எடுத்துவிடு. எனக்கு அன்றைக்கு யாரையாவது அடிக்க வேண்டியிருந்தது, நீதான் பக்கத்தில் இருந்தாய்.

இரண்டு கடிதத்தையும் பின்ஹாஸுக்குப் படித்தேன். மறுநாள் சமையலறைக்கே வந்துவிட்டான். மாவுக்கையோடு வெளியே போனேன்.

"அம்மா, எங்க பெரிய வாத்தியார்கிட்ட கேட்டேன்."

"என்ன கேட்ட?"

"வெட்டுக்கிளி ஆகுமான்னு. அவர் என்கிட்டயே திருப்பிக் கேட்டார், உங்கப்பாவுக்கு அவங்கப்பா காட்டினாரான்னு. காட்டினார்னேன். அப்ப உங்கப்பாவுக்கு ஆகும்னார். எனக்கு ஆகாது, எனக்கு யாரும் காட்டலைன்னார். அவ்வளவுதான்."

"அட பாவி, இதை அப்பவே கேட்டிருக்கலாமேடா?"

"பயமா இருந்துச்சும்மா. ஆகாதுன்னு சொல்லிட்டா?"

சுவரில் சாய்ந்து நின்று அழுதான். மீசை முளைத்த பிள்ளை. மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். "வெங்காயம்" என்று சொன்னேன்.

வருஷ நாளுக்கு அவன் வருவான். எனக்கு லீவு தரமாட்டேன் என்கிறார்கள். இப்போதும் எனக்கு மிச்சம்தான், பரவாயில்லை. உன் வீட்டில் சாப்பிடுவானா என்று நான் கேட்கவில்லை. அதை அவன் அங்கே வந்து முடிவு செய்யட்டும்.

ஹமாமா

*

இய்யார், அவர் நாளுக்கு மறுநாள்

ஹமாமா,

வந்தான். மத்தியான பஸ். வாசலில் நின்றுகொண்டு, "பெரியம்மா, எப்படி இருக்கீங்க" என்றான். நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நான் தண்ணீர் கொண்டுவரவில்லை. குடிக்கமாட்டேன் என்று சொல்லியிருந்தானே, கொடுத்துவிட்டு அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

கல்லறைக்குப் போனோம். ஜெபம் சொன்னான். குரல் உடைந்து கனத்துவிட்டது, கண்ணை மூடினால் அவர்தான். திரும்பி வந்ததும் கொல்லைப்பக்கம் போனான். நான் பாயை விரித்து, பேரீச்சம்பழமும் பாதாமும் ரூமியா வீட்டில் சுட்ட ரொட்டியும் எடுத்துவைத்தேன். ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் சட்டையைக் கழற்றிவிட்டு, வைக்கோலும் மண்ணும் காலால் மிதித்துக்கொண்டிருக்கிறான்.

"என்னடா பண்ற?"

"தந்தூர் விரிஞ்சு கிடக்கு."

"இன்னிக்கு வேண்டாம்டா, ஈரம் காயாது."

"காய்ற வரைக்கும் எரிங்க."

உள்ளே தலையை விட்டு விரிசலை அப்பினான். அவர் மாதிரியே, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு. எரித்தேன். எரித்துக்கொண்டே இருந்தேன். சாயங்காலமாகிவிட்டது. மாவைத் தட்டி ஒட்டினால் முதல் ரொட்டி ஈரப் பூச்சோடு உரிந்து நெருப்பில் விழுந்தது. இரண்டாவது ஒரு பக்கம் கரி. மூன்றாவது எடுப்பதற்குள் அந்தக் கரி ரொட்டியை அவன் கையில் எடுத்துவிட்டான். கை கழுவிவிட்டு வந்து, அவர் பாயில் உட்கார்ந்து, பிட்டுத் துதி சொன்னான்.

நான் ஆமென் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. அவன் காத்திருந்தான். ரொட்டியை வாயருகே வைத்துக்கொண்டு, சாப்பிடாமல், என்னைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். அப்புறம் வந்தது.

பேரீச்சம்பழத்துக்கு நான் சொன்னேன். ஆமென் என்றான். கழுதைக்கு முந்திக்கொண்டு.

சாப்பிட்டுவிட்டுக் கேட்டான்: "பெரியம்மா, திரும்பவும் வந்தா?"

"எது?"

"வெட்டுக்கிளிதான்."

"வந்தா எது ஆகும் எது ஆகாதுன்னு உனக்குக் காட்டறேன். அவர் புரட்டினதைப் பார்த்துக்கிட்டேதான இருந்தேன். எனக்கும் தெரியும். ஆனா தின்ன வேண்டாம்டா. எவன் எங்க மருந்தடிச்சானோ."

"தின்னாம வெறுமனே காட்டினா அது எப்படி பெரியம்மா தகப்பன் வழி ஆகும்? தின்னு காட்டினாதானே?"

உன் பெரிய வாத்தியாரைக் கேள் என்றேன். சிரித்தான். அவன் சிரிப்பு இன்னும் மாறவில்லை, உன்னுடையது.

காலை பஸ்ஸில் போய்விட்டான். உனக்கு நாலு ரொட்டி கட்டிக் கொடுத்திருக்கிறேன், ஒன்றில் கொஞ்சம் மண் இருக்கும். அவன் போனபிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிகிறது. நேற்று இரண்டு பேர் சத்தம் கேட்ட சுவர் அல்லவா.

சாயங்காலம் ஆகிவிட்டது. எனக்கென்று ஒரு ரொட்டி வைத்திருக்கிறேன். இன்னும் பிட்கவில்லை. ஹமாமா, ஒன்று செய். இந்த வரியைப் படிக்கும்போது கொஞ்சம் நிறுத்து. நான் இப்போது துதி சொல்லப்போகிறேன். நீ அங்கிருந்து ஆமென் சொல். அது வந்து சேர எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்.

நத்ரா

*

இய்யார், செவ்வாய்

அக்கா,

சமையலறையில் நின்றுதான் படித்தேன். அந்த வரி வந்ததும் சத்தமாகவே சொல்லிவிட்டேன். எல்லாரும் முட்டைக்கோஸைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் ஓடிவந்து, காதால் கேட்காத துதிக்கு ஆமென் சொல்லக்கூடாதம்மா, அது ஆகாது என்றார்.

எனக்குக் கேட்டது என்று சொன்னேன்.

சாப்பிடு, அக்கா. ரொட்டி ஆறிப்போயிருக்கும்.

ஹமாமா